அவுடவாட்டர் தராசு

— வண்டியை நிறுத்தாதேப்பா. அப்படியே திருப்பு.

— நிறுத்தியாச்சே குருவி. சீட்டு வாங்கிக் கண்ணாடியில வெச்சும் ஆச்சு. சாயங்காலம் வரைக்கும் இந்த ஆறடி இடம் நம்ம சொத்து.

— பாலாடைக்கட்டிப் பண்ணைக்குப் போறோம்னு நீ சொன்னே. ஆத்தங்கரையில நடக்கப் போறோம்னு அம்மா சொன்னா. இது அவுடவாட்டர். கடைக்குக் கடை விளக்கமாத்துல பறக்கிற சூனியக்காரி தொங்குறா. எனக்குத் தெரியாதா இந்த ஊரு? ஆறாம் வகுப்புல பஸ் வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்களே.

— ஆறும் இங்கேதான் ஓடுது மெரல். முதல்ல இறங்கு, சரியா? மே மாசம், நல்ல வெயில், மூணு பேரும் ஒண்ணா வெளியே வந்து எத்தனை நாளாச்சு.

— வெயில்னு நீயே சொல்றே. ஆனா ரெண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு வந்திருக்கே.

— எனக்குக் காத்து ஒத்துக்காது. பேச்சை மாத்தாதே.

— நீதான் மாத்தறே. என் கண்ணைப் பார்த்துச் சொல்லும்மா. என்னை அந்தச் சூனியக்காரித் தராசுல ஏத்தத்தானே கூட்டிட்டு வந்தே?

— எல்லாரும்தான் ஏறுவாங்க. ஜப்பான்லேர்ந்து வர்றவங்ககூட ஏறறாங்க. ஏறி இறங்கினா 'இவள் சூனியக்காரி இல்லை'ன்னு முத்திரை குத்தின சான்றிதழ் தர்றாங்க. விளையாட்டுக்குத்தான். அவ்வளவுதான், சரியா?

— விளையாட்டா? அப்பா, நம்ம வீட்டு எடை மெஷின் எங்கே?

— அது... குப்பைக்குப் போயிடுச்சு குருவி. நான்தானே சுத்தியலால நாலு போடு போட்டுக் கொண்டுபோய்க் கொட்டினேன். அக்கம்பக்கத்துல பைத்தியம்னே முடிவு கட்டிட்டாங்க.

— ஏன் உடைச்சே?

— என்னடா இது, பரீட்சை வைக்கறே.

— சொல்லுப்பா. அம்மாவும் கேட்கட்டும்.

— கிளினிக்ல சொன்னாங்க. வியாழக்கிழமை அவங்க மட்டும்தான் எடை பார்ப்பாங்க. நீ மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும். எடை எண்ணை நர்ஸ் மட்டும் பார்த்து எழுதிக்குவாங்க. உன்கிட்டயும் சொல்ல மாட்டாங்க, எங்ககிட்டயும் சொல்ல மாட்டாங்க.

— ஏன்னா எண்ணு காதுல விழுந்தா எனக்கு என்னாகும்?

— மெரல், போதும்.

— போன அக்டோபர்ல நர்ஸ் பக்கத்து அறையில பேசினது காதுல விழுந்துடுச்சு. பதினோரு நாள் ஒரு வாய்கூடச் சாப்பிடலை நான். கடைசியில மூக்குல குழாய் விட்டாங்க. அதை மறந்துட்டியா அம்மா?

— மறக்கிறதா? கண்ணை மூடினா அந்தக் குழாய்தான் எனக்குத் தெரியுது. அதனாலதான் சொல்றேன். வர்ற வியாழக்கிழமை அவங்க போட்ட கோட்டுக்கு மேல நீ இருந்தா வீட்டுலயே இருக்கலாம். கீழே இருந்தா மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில். இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அஞ்சு நாள் என்னால தாங்க முடியாது. எனக்கு இன்னிக்கே தெரியணும்.

— உனக்குத் தெரியணுங்கறதுக்காக என் தலைக்குள்ள ஒரு எண்ணைத் திணிப்பியா?

— லீடவை, வேணும்னா இங்கே சும்மா ஒரு சுத்து சுத்திட்டு...

— யோரிஸ், நீ பேசாதே. வாரத்துல அஞ்சு நாள் ஸ்பெயின் ரோட்டுல லாரியோட குடித்தனம் பண்றவன் நீ. இறங்குங்க ரெண்டு பேரும். மணி பதினொண்ணு ஆயிடுச்சு. பதினொண்ணுக்கு அவளுக்குச் சிற்றுண்டி.

— கார்லயே தின்னுடறேன்.

— கார்ல வேண்டாம். அதோ, கால்வாய் ஓரமா காபிக்கடை மேஜை காலியா இருக்கு. ஆப்பிள் கேக், மேல க்ரீம். கிளினிக் தாள்ல போட்டிருக்கிற அதே அளவு, சரியா?

— ஐயோ அம்மா, கோழியை வெளியே எடுக்காதே. எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும். முட்டை வேக வைக்கிற கோழிக் கடிகாரம்தானே, வெடிகுண்டா? முப்பது நிமிஷம். திருகிட்டேன்.

— அது டிக் டிக்னு என் தலைக்குள்ள கொத்துது.

— நான் எதிர்ல உட்கார்றேன்.

— தெரியுமே. எட்டு மாசமா நீ எதிர்லதானே உட்கார்றே. சமைக்கறே, பரிமாறறே, எதிர்ல உட்கார்ந்து ஒவ்வொரு வாயா எண்ணறே. போலீஸ் ஸ்டேஷன் தோத்துடும்.

— தட்டு காலியாகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். நல்லா மென்னு முழுங்கு.

— குருவி, கேக் அருமையா இருக்கு. ஸ்பெயின்ல இப்படி ஒண்ணு கிடைக்குமா? சும்மா தேன்ல முக்கித் தந்துடுவாங்க. லீடவை, உன் கேக் எங்கே?

— நான் கார்லயே சாப்பிட்டுட்டேன்.

— எப்போ? நானும் கார்லதானே இருந்தேன்.

— நீ ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தே. மெரல், க்ரீமை ஓரத்துல ஒதுக்காதே.

— ஒதுக்கலை. தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், பாரு.

— மோதிரத்தை ஏன் கட்டைவிரல்ல போட்டிருக்கே லீடவை?

— பாத்திரம் தேய்க்கும்போது வழுக்குது. உனக்கு வேற வேலையே இல்லையா? இந்தா, காபிக்கு வெச்ச என் பிஸ்கட்டையும் நீயே தின்னு.

— குடு, குடு. வேண்டாம்னு சொல்ற பழக்கம் நம்ம பரம்பரையிலேயே இல்லை. ...ஐயோ, மன்னிச்சுக்கோ குருவி. சும்மா வாய்ல வந்துடுச்சு.

— பரவால்லப்பா. நானும் முடிச்சுட்டேன். இந்தா, தட்டு.

— அடடா! கோழி கூவறதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே! கை குடு குருவி.

— மடியைக் காட்டு மெரல்.

— என்னது?

— எழுந்து துணியை உதறு. பிப்ரவரியில கைக்குட்டையில ரொட்டியைச் சுருட்டி வெச்சு என்னை ஏமாத்தினே.

— பிப்ரவரி போய் மே வந்துடுச்சு அம்மா. இதோ உதறறேன். ஒரு துணுக்காவது விழுதா? சொல்லு, விழுதா?

— இல்லை.

— அப்போ என்னை நம்பலாமே.

— நம்பணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். தராசு சொல்லிட்டா நம்பிடுவேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க, நான் முன்னாடி போய் டிக்கெட் எடுக்கறேன்.

— அப்பா, போயிட்டாளா?

— போயிட்டா. எப்படி விறுவிறுன்னு நடக்கறா பாரு, யாரோ தராசைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கங்கிற மாதிரி.

— உனக்கு முன்னாடியே தெரியுமா?

— நேத்து சாயங்காலம்தான் சொன்னா. திடீர்னு தோணுச்சுன்னா. வேண்டாம்னு சொல்லணும்னு நினைச்சேன் குருவி. சத்தியமா நினைச்சேன்.

— நினைச்சு?

— லாரியைக் கழுவப் போயிட்டேன்.

— அப்பா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் தேறிட்டேன்னுதான் நினைக்கறேன். ஜீன்ஸ் இடுப்புல நிக்குது. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கலை. அதுதான் எனக்குப் பயமே. தேறிட்டேன்னு தெரியாத வரைக்கும் தின்ன முடியுது. ஒரு எண்ணைச் சொல்லி 'இதுதான் நீ'ன்னு யாராவது சொன்னா, அவ்வளவுதான், மறுபடியும் தொண்டை அடைச்சுக்கும். எனக்கு என்னையே நல்லாத் தெரியும்.

— அம்மாகிட்ட இதைச் சொன்னியா?

— அவ கேட்டாத்தானே? அவளுக்கு என் தட்டு மட்டும்தான் தெரியுது.

— எங்கே நின்னுட்டீங்க? உள்ளே வாங்க, நமக்கு முன்னாடி நாலே பேர்தான்.

— வந்துட்டோம் லீடவை, கத்தாதே. அம்மாடி, எவ்வளவு பெரிய தராசு! எங்க லாரியை ஏத்தற எடை மேடைக்குக் கொள்ளுத்தாத்தா. இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. ஆளு ஒண்ணுல, இரும்புக் கல்லு இன்னொண்ணுல.

— அப்பா, மெதுவாப் பேசு.

— சுவத்துல எழுதியிருக்கிறதைத்தான் சொல்றேன். விளக்கமாறு தாங்கணும்னா சூனியக்காரி காத்து மாதிரி லேசா இருக்கணுமாம். அதனால உடம்பு வாகுக்கு ஏத்த எடை இல்லாதவளைப் பிடிச்சுக்குவாங்க. மத்த ஊர்ல எல்லாம் கையைக் காலைக் கட்டித் தண்ணியில போட்டிருக்காங்க, எரிச்சிருக்காங்க. இந்த ஊர்த் தராசு பொய் சொல்லாதுன்னு எங்கெங்கேயோ இருந்து ஜனங்க வந்து, எடை போட்டு, சான்றிதழ் வாங்கி, உயிரைக் காப்பாத்திக்கிட்டாங்களாம். இங்கே ஏறினவங்கள்ல ஒருத்தர்கூட மாட்டலையாம்.

— அவங்களை யார் கூட்டிட்டு வந்தா?

— தானாத்தான் வந்திருக்காங்க.

— கேட்டுக்கோ அம்மா. தானா வந்தாங்க. பாலாடைக்கட்டின்னு பொய் சொல்லி யாரும் கூட்டிட்டு வரலை.

— பேசினது போதும். ஜாக்கெட்டைக் கழட்டு. ஷூவையும்.

— இங்கே யாரு கழட்டறா? அந்தம்மா கைப்பையோட ஏறி நிக்கறாங்க, பாரு.

— அவங்களுக்குச் சான்றிதழ் போதும். எனக்குச் சரியான எடை வேணும்.

— சரியான எடையா? லீடவை, இது நூத்துக்கணக்கான வருஷத்துப் பழைய சாமான்.

— செவ்வாய்க்கிழமையே இங்கே எடை போடறவருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். ஒரு கைப்பிடி சர்க்கரை கூடினாலும் குறைஞ்சாலும் காட்டும்னார்.

— செவ்வாய்க்கிழமையா? நேத்து என்கிட்ட திடீர்னு தோணுச்சுன்னு சொன்னே!

— சொன்னேன். இல்லேன்னா நீ வண்டியை எடுத்திருப்பியா?

— அம்மா, எடை போடறவர் எண்ணை உரக்கச் சொல்றார். இப்பக்கூட சொன்னார், கேட்டியா? இந்தக் கூடமே சிரிச்சுது.

— நீ காதைப் பொத்திக்கோ. நான் மட்டும் கேட்டுக்கறேன்.

— உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். நீ சிரிச்சா ஒரு எண்ணு, உதட்டைக் கடிச்சா இன்னொரு எண்ணு. எட்டு மாசமா நீ என் தட்டைப் பார்க்கறே, நான் உன் மூஞ்சியைப் பார்க்கறேன்.

— அடுத்தது நாமதான். ஏறு.

— மாட்டேன்.

— ஏறுடீ!

— கையை விடு. வலிக்குது.

— லீடவை, அவ கையை விடு. எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும்! யோரிஸ், நீ திங்கட்கிழமை காலையில லாரியைக் கிளப்பிட்டுப் போயிடுவே. இவ மூச்சு வருதான்னு கதவு இடுக்குல காதை வெச்சுக் கேட்கிறவ நான். இவ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

— யோசிக்கலை. தப்புத்தான். வண்டியில ஏறி உட்கார்ந்தா எனக்கு நிம்மதியா இருக்கும், அதனால ஓடினேன். ஆனா இதுக்கு நான் துணை நிக்க மாட்டேன். குருவி, வா, வெளியே போலாம்.

— இருப்பா. நான் ஏறறேன்.

— வேண்டாம்டா.

— ஏறறேன். ஆனா இரும்புக் கல்லு வேண்டாம்.

— கல்லு இல்லாம எப்படி எடை போடறது?

— அந்தப் பக்கம் அம்மா ஏறட்டும்.

— நானா? நான் எதுக்கு?

— இதுல எண்ணே கிடையாது. நீ என்னைவிட எவ்வளவு கனம்னு உனக்கே தெரியும், போன வருஷம் என்னைத் தூக்கிட்டு மாடி ஏறினவதானே நீ. நீ உட்கார்ந்தா நான் மேல போவேன். கொஞ்சமாப் போனா நான் தேறிட்டேன். கூரைக்குப் போனா நானே பெட்டியைக் கட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன், வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உனக்கும் தெரிஞ்சுடும், என் தலைக்குள்ளயும் எதுவும் விழாது.

— அட, என் குருவி மூளையைப் பாரேன்! ஐயா, அம்மாவையும் மகளையும் எதிரெதிரா உட்கார வைப்பீங்களா? ...தலையாட்டறார் லீடவை. போன வாரம் ஒரு கல்யாண ஜோடியை இப்படித்தான் உட்கார வெச்சாராம்.

— வேண்டாம். எனக்குத் தலை சுத்தும்.

— அரை ஆள் உயரம்கூட இல்லை அம்மா.

— வேண்டாம்னா விடுங்களேன். வீட்டுக்குப் போலாம். மழை வர்ற மாதிரி இருக்கு.

— வெயில் கொளுத்துது!

— பண்ணைக்குப் போலாம். நல்ல பாலாடைக்கட்டியா வாங்கலாம். நான் பண்ணது தப்பு, ஒத்துக்கறேன், சரியா? கிளம்பலாம்.

— என் கையைப் பிடிச்சு இழுத்தியே, அப்போ தப்புன்னு தெரியலையா? உனக்குன்னு வந்ததும் ஓடறே. அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. இப்ப நீ ஏறலைன்னா, இனிமே உன் எதிர்ல உட்கார்ந்து ஒரு வாய்கூடத் தின்ன மாட்டேன்.

— மெரல், அப்படிச் சொல்லாதே. விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே.

— நான் சொன்னா செய்வேன்.

— யோரிஸ், நீயாவது சொல்லேன் அவகிட்ட.

— நீ ஆரம்பிச்ச விளையாட்டுதானே. ரெண்டு நிமிஷம். ஏறிடேன்.

— ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டேன்.

— கழட்டாதே. ஷூவும் இருக்கட்டும், கைப்பையையும் மடியில வெச்சுக்கோ. என் ஜாக்கெட்டையும் ஷூவையும் கழட்டி அப்பாகிட்ட குடுத்துட்டேன், பாரு. எல்லாம் உனக்குச் சாதகமாவே இருக்கட்டும். நான் உட்கார்ந்துட்டேன். என் பலகை தரையோட இருக்கு. இப்ப நீ.

— கயித்தைப் பிடிச்சுக்கோ லீடவை. அந்த முக்காலி மேல காலை வை. ஆங், அப்படித்தான்.

— மெதுவா உட்காரு அம்மா, டமார்னு என்னைத் தூக்கி அடிச்சுடாதே. எனக்குப் பயமா இருக்கு. கண்ணை மூடிக்கறேன். ...உட்கார்ந்துட்டியா?

— உட்கார்ந்துட்டேன்.

— பொய். என் பலகை அசையவே இல்லை. அப்பா, நிஜமாவே உட்கார்ந்துட்டாளா?

— உட்கார்ந்திருக்கா குருவி.

— அப்போ காலை முக்காலியில ஊனியிருப்பா. காலை எடு அம்மா. ஏமாத்தாதே.

— முக்காலியை எடுத்துட்டாங்க மெரல். என் கால் எதுலயும் எட்டலை.

— அப்போ நான் ஏன் இன்னும் கீழேயே இருக்கேன்? அப்பா! நான் அவ்வளவு கனமாயிட்டேனா? சொல்லுப்பா, அவ்வளவா ஆயிட்டேன்?

— இல்லைடா. நீ எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கே. கண்ணைத் திற குருவி. கண்ணைத் திறந்து அம்மாவைப் பாரு.

— அம்மா...

— ஐயா, தராசுல எதாவது கோளாறா? எங்கேயாவது சிக்கியிருக்கா? ...இல்லைங்கறார். இல்லையாம். லீடவை, எத்தனை நாளா?

— எண்ணலை.

— லீடவை!

— அவளைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன் யோரிஸ். அவ ஒரு வாய் வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வரும். அப்புறம் எனக்கு எதுவும் தொண்டையில இறங்காது. அவ முடிக்கட்டும், பின்னாடி சாப்பிட்டுக்கலாம்னு நினைப்பேன். முடிச்சதும் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துட்டுப் படுத்துடுவேன். வெள்ளிக்கிழமை நீ வருவே. நான் சாப்பிட்டாச்சும்பேன், நீயும் சரின்னுடுவே.

— மோதிரத்தைப் பார்த்தேன். பார்த்துட்டு, உன் பிஸ்கட்டையும் வாங்கித் தின்னேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

— அம்மா, நீ அங்கே மேல சின்னப் பொண்ணு மாதிரி தெரியறே.

— என்னை இறக்கி விடுங்க. எல்லாரும் பார்க்கறாங்க.

— பார்க்கட்டும்.

— குருவி, நீ மட்டும் அசையாதே. நீ எழுந்தா அவ பொத்துனு கீழே வந்துடுவா. நான் அவளைத் தூக்கிக்கறேன், அதுவரைக்கும் அப்படியே கெட்டியா உட்காரு. ...கழுத்தைப் பிடிச்சுக்கோ லீடவை. அடக் கடவுளே. கையில ஒண்ணுமே தெரியலையே.

— அப்பா, அவளை அப்படியே தூக்கிட்டு அந்தக் கால்வாய் மேஜைக்கு வா. பையில கோழி இருக்கும், அதை என்கிட்ட குடு. முப்பது நிமிஷம், சரியா அம்மா? நான் எதிர்ல உட்கார்றேன்.